விண்டோஸ் 10-ல மாட்டிக்கிட்ட 64 கணினி: ஈஎஸ்யு வாங்குறதா, மாத்துறதா?

#1 கேபிள்குருவி

எல்லாருக்கும் வணக்கம். எங்க நிறுவனத்துல ஐடி-ன்னா நானும் இன்னொரு பையனும் தான். மொத்தம் 212 கணினி. 148 விண்டோஸ் 11-க்குப் போயாச்சு. 64 இன்னும் 10-லயே நிக்குது. 10-க்கு ஆதரவு முடிஞ்ச 2025 அக்டோபர் 14 தாண்டி நாலு மாசம் ஆச்சு, இந்த 64-க்கும் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட்) கிடையாது.

மேலாண்மைக் கருவி தர்ற அறிக்கை இந்த 64-ல 41-ஐ 11-க்குத் "தகுதி இல்லை"ன்னு சிவப்புல காட்டுது. அதுல ஒண்ணு ஒரு அளவீட்டுக் கருவியோட ஒட்டிக்கிட்டு இருக்கு, கருவி கொடுத்தவங்க "இதுல எதையும் மாத்தாதீங்க"ன்னு ஸ்டிக்கரே ஒட்டிட்டுப் போயிருக்காங்க. இது போதாதுன்னு கணக்குப் பிரிவுக்கு ஒரு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அப்புறம் சென்ட்ஓஎஸ் 7-ங்கற லினக்ஸ் சர்வர் ரெண்டு, எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. அதுல என்ன ஓடுதுன்னு கேட்டா எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

மேலிடத்துல ஒரே பதில் தான்: "ஓடிக்கிட்டு தானே இருக்கு?"

என் கேள்வி: 64-க்கும் ஈஎஸ்யு (ஆதரவு முடிஞ்ச பிறகும் காசுக்குப் பேட்ச் தர்ற மைக்ரோசாஃப்ட் திட்டம்) வாங்கி மூணு வருஷம் ஓட்டிடலாமா? இல்ல 41 புதுக் கணினி கேட்டு சண்டை போடணுமா?

#2 பேட்ச்செவ்வாய்

முதலில் அந்த 41-ஐ நம்பாதீர்கள்.

அறிக்கை "தகுதி இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். அதற்குள் நாலைந்து வெவ்வேறு காரணங்கள் கிடக்கும். பிராசஸர் பழையது என்றால் (இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முன், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கு முன்) ஒன்றும் செய்வதற்கில்லை. டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி, 11 கேட்பது) "இல்லை" என்று காட்டினால் பெரும்பாலும் அது பயாஸில் (கணினி எழும்போது வரும் அமைப்புத் திரை) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பழைய லெகசி பூட் முறையில் நிறுவியிருந்தால் செக்யூர் பூட் (கையெழுத்துள்ள மென்பொருளை மட்டுமே கணினியை எழுப்ப விடும் பாதுகாப்பு) கிடைக்காது, அதை மாற்றிக்கொள்ளலாம். டிஸ்கில் இடமில்லை என்பதும் சில கருவிகளில் இதே சிவப்புதான்.

காரணம் வாரியாகப் பிரித்துவிட்டு எண்ணிக்கையை இங்கே போடுங்கள். அதற்கு முன் கொள்முதல் பற்றிப் பேசுவது வீண்.

இன்னொன்று. 64-இல் 41 போக மீதி 23 தகுதி உள்ளவை என்கிறீர்கள். அவை ஏன் இன்னும் நிற்கின்றன? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

#3 கேபிள்குருவி

@பேட்ச்செவ்வாய் நல்லா புடிச்சீங்க. அந்த 23-ம் கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும். "மாசக் கடைசி முடியட்டும்"னு சொல்லிச் சொல்லியே எட்டு மாசக் கடைசி முடிஞ்சிருச்சு.

#4 சும்மாவந்தவன்

எதுக்கு இவ்வளவு பதட்டம்? விண்டோஸ் 10-ல டிஃபெண்டர் அப்டேட் இன்னும் வந்துக்கிட்டு தான் இருக்கு, 2028 வரைக்கும் தருவோம்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸுக்கும் அதே மாதிரி 2028 அக்டோபர் வரை. ஒரு நல்ல ஃபயர்வால் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க.

#5 பேட்ச்செவ்வாய்

@சும்மாவந்தவன் தகவல் சரி, முடிவு தவறு. டிஃபெண்டருக்கு வருவது தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியல். வாசலில் நிற்கும் காவலாளிக்குத் திருடர்களின் புகைப்படம் தினமும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சுவரில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 10-க்கும் 11-க்கும் அடித்தளக் குறியீடு பெருமளவு ஒன்றே. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை 11-க்குப் பேட்ச் வரும்போது, பேட்சுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அந்த ஓட்டை 10-லும் இருந்தால் அங்கே அது திறந்தே கிடக்கும். அதாவது 11-க்கு வரும் ஒவ்வொரு மருந்தும், 10 வைத்திருப்பவர்களின் நோய் என்ன என்பதை ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸ் பற்றிச் சொன்னது சந்தா வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஒரே முறை வாங்கிய ஆஃபீஸ் 2016, 2019 இரண்டும் விண்டோஸ் 10-உடன் அதே நாளில் முடிந்துவிட்டன. ஈஎஸ்யு வாங்கினாலும் அது ஆஃபீஸுக்குப் பொருந்தாது. கேபிள்குருவி, இதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

#6 பழஞ்சர்வர்

தம்பி கேபிள்குருவி, கொஞ்சம் பழைய கதை சொல்றேன், கேட்டுக்க.

வான்னாக்ரைன்னு, கோப்பைப் பூட்டிப் பணம் கேக்குற புழு ஒண்ணு 2017 மே 12-ல அடிச்சுது. அன்னிக்கு எல்லாரும் "எக்ஸ்பி வெச்சிருந்தவன் செத்தான்"னு பேசினாங்க. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லயே முடிஞ்சது, அதனால சுலபமா பழி போட்டாச்சு. உண்மையில மாட்டினதுல பெரும்பங்கு விண்டோஸ் 7. அன்னிக்கு 7-க்குப் பாதுகாப்புப் பேட்ச் வந்துக்கிட்டு தான் இருந்துச்சு. ஓட்டைக்குப் பேட்ச் மார்ச் 14-லயே வந்துருச்சு. ரெண்டு மாசம் யாரும் போடல, அவ்வளவு தான். எக்ஸ்பில பல இடத்துல அந்தப் புழு ஏறுறதுக்குள்ள கணினியே நீலத் திரை காட்டி விழுந்துருச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, பேட்ச் வராத 64-ஐப் பத்தி இங்க கேக்குற. பேட்ச் வர்ற 148-ல போன மாசப் பேட்ச் எத்தனைல ஏறியிருக்குன்னு பாத்தியா? அந்த எண்ணிக்கையும் சேத்துப் போடு.

#7 கேபிள்குருவி

@பழஞ்சர்வர் அண்ணே, பாத்தேன். 148-ல 31-ல ஏறல. பாதி, மடிக்கணினிய மூடி மூடி எடுத்துட்டுப் போறவங்க, ரீஸ்டார்ட்டே பண்றதில்ல. வெக்கமா இருக்கு.

#8 ஆய்வுக்கூடம்

அந்தக் கருவிக் கணினி பற்றி மட்டும் சொல்றேன், என் பொழைப்பே அது தான்.

முதல்ல அந்த விண்டோஸ் 10 எது, 32-பிட்டா 64-பிட்டான்னு பாருங்க. 11-ல 32-பிட் பதிப்பே கிடையாது. கருவியை விண்டோஸோட பேச வைக்கிற டிரைவர் 32-பிட்ல மட்டும் இருந்தா அது 64-பிட் விண்டோஸ்ல ஏறவே ஏறாது. மென்பொருள் 32-பிட்டா இருந்தா பரவாயில்ல, ஓடிடும். டிரைவர்ல தான் கதை முடியும். ரொம்பப் பழைய கருவின்னா இன்ஸ்டாலர் 16-பிட்டா இருக்கும், அதுவும் ஓடாது.

ரெண்டாவது, அது சாதாரண 10-ஆ, எல்டிஎஸ்சி-யான்னு (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) பாருங்க. கருவியோட வர்ற கணினிகள்ல பல நேரம் எல்டிஎஸ்சி தான் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. எல்டிஎஸ்சி 2019-ன்னா 2029 ஜனவரி 9 வரைக்கும் பேட்ச் உண்டு. எல்டிஎஸ்சி 2021-ல தான் குழப்பம்: சாதாரண எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2027 ஜனவரி 12-ல முடியுது, அதே 2021-ஓட ஐஓடி பதிப்பு 2032 ஜனவரி வரை. பேர்ல ஒரு வார்த்தை வித்தியாசம், அஞ்சு வருஷம் வித்தியாசம்.

ரெண்டுமே இல்லன்னா தனிமைப்படுத்துங்க. தனி விலேன் (சுவிட்ச்லயே பிரிச்சு வெக்கிற தனி நெட்வொர்க்), அதுல இருந்து வெளிய இணையம் கிடையாது, உள்ள யாரும் வரக்கூடாது. முடிவுக் கோப்புகள் ஒரே ஒரு இடைக் கணினிக்கு மட்டும் போகட்டும், மத்தவங்க அதுல இருந்து எடுத்துக்கட்டும். யூஎஸ்பி போர்ட் எல்லாம் மூடுங்க. முக்கியமா, டிஸ்கை அப்படியே குளோன் எடுத்து, அதே மாதிரி இன்னொரு டிஸ்க்ல போட்டு, அது பூட் ஆகுதான்னு பாத்துட்டு அலமாரில வையுங்க. பழைய கணினில பாதி நேரம் வில்லன் ஹேக்கர் இல்ல, செத்துப் போற டிஸ்க்.

நான் பட்டதையும் சொல்லிடுறேன். இவ்வளவும் பண்ணி வெச்ச ஒரு கணினில, ஒருத்தர் "ஒரே ஒரு பிரிண்ட்"டுக்காக பக்கத்து மேஜை நெட்வொர்க் கேபிளைப் புடுங்கி அதுல சொருகிட்டார். மூணு வாரம் அப்படியே இருந்திருக்கு. அதுக்கப்புறம் சுவிட்ச்ல ஒவ்வொரு போர்ட்டுக்கும் எந்தக் கணினின்னு கட்டி வெச்சிட்டோம், வேற சொருகினா போர்ட் தானா அணைஞ்சிடும். பிரிண்டர் ஒண்ணு அந்தக் கருவிக்குன்னே வாங்கிக் கொடுத்தோம். உண்மையில முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியது அந்தப் பிரிண்டர் தான்.

#9 கேபிள்குருவி

ஆளுக்கொரு தளமா நானும் பையனும் நாலு நாள் சுத்தினோம். 41-ஐப் பிரிச்சாச்சு.

23-ல (மாசக் கடைசி 23 இல்ல, இது வேற) டிபிஎம் அணைச்சிருக்கு, இல்லன்னா லெகசி பூட், சிலதுல ரெண்டும். 13-ல பிராசஸரே பழசு (கருவிக் கணினியும் இதுல தான்). மீதி 5 பட்டியல்ல மட்டும் இருக்கு, ஆளைக் காணோம்.

டிபிஎம் எங்க இருக்குன்னு தேடவே முதல் கணினில முக்கால் மணி நேரம் ஆச்சு. பயாஸ்ல "டிபிஎம்"னு எங்கயும் இல்ல. கடைசில பார்த்தா இன்டெல் போர்டுல "பிடிடி"ன்னு ஒரு வரி, அதை ஆன் பண்ணினா வந்துருச்சு. ஏஎம்டில "எஃப்டிபிஎம்"னு இருக்கு. மேஜைக்கு அடியில குனிஞ்சு, தூசில தும்மி, ஒரே ஒரு எழுத்தை மாத்தி... இதுக்கா 41 புதுக் கணினி கேக்க இருந்தேன்னு நினைச்சுச் சிரிச்சேன்.

லெகசி பூட்டை மாத்துறதுல ஒரு சந்தேகம். மறுபடி முழுசா இன்ஸ்டால் பண்ணணுமா?

#10 பேட்ச்செவ்வாய்

வேண்டாம். விண்டோஸிலேயே எம்பிஆர்-டு-ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. தகவலை அழிக்காமல் டிஸ்கை மாற்றித் தரும். முதலில் சரிபார்ப்பு முறையில் ஓட்டுங்கள். அது சரி என்றால்தான் மாற்றம். மாற்றியவுடன் பயாஸுக்குப் போய் லெகசியை யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) ஆக்க வேண்டும், மறந்தால் கணினி எழாது.

சரிபார்ப்பிலேயே தோற்றால் பெரும்பாலும் காரணம் பார்ட்டிஷன்கள். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அது ஒப்புக்கொள்ளாது. தயாரிப்பாளர் போட்டுவைத்த பழைய மீட்புப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், அதைப் பார்த்து நீக்குங்கள்.

பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கும் கணினி என்றால், பயாஸில் கை வைக்கும் முன் அதை இடைநிறுத்துங்கள். மீட்புச் சாவி மையமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "இருக்கும்" என்ற நம்பிக்கை போதாது. நான் ஒரு முறை நம்பினேன். ஒரு மேலாளரின் மடிக்கணினி. மேற்கொண்டு கேட்காதீர்கள்.

#11 சும்மாவந்தவன்

அந்த 13-க்கு ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட உள் அமைப்புப் பட்டியல்) ஒரு மாத்தம் பண்ணி 11-ஐ ஏத்திடலாமே? என் வீட்டுக் கணினி அப்படித் தான் ஓடுது. இல்லன்னா லினக்ஸ் போட்டுட்டுப் போங்க, செலவே இல்ல.

#12 பழஞ்சர்வர்

வீட்ல ஓட்டு, யாரு கேக்குறா. நிறுவனத்துல வேண்டாம். தகுதியில்லாத கணினில ஏத்தினா அப்டேட் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே எழுதி வெச்சிருக்கு. 11-ஓட 24எச்2 பதிப்பு வந்தப்போ பாப்கவுண்ட்ங்கற கட்டளை இல்லாத ரொம்பப் பழைய பிராசஸர்ல பூட்டே ஆகாமப் போச்சு, எந்த ரெஜிஸ்ட்ரி மாத்தமும் உதவல. வருஷா வருஷம் அடுத்த பதிப்பை நீயே கையால ஏத்தணும். ரெண்டு பேர் இருக்குற ஐடி பிரிவுக்கு அது தேவையா?

லினக்ஸ் பத்தி: நான் லினக்ஸ்காரன், அதனால சொல்றேன். பிரவுசர் மட்டும் திறந்து ஒரே வேலை பாக்குற இடம்னா தாராளமா போடு. எக்ஸெல் மேக்ரோ, லேபிள் பிரிண்டர், டோங்கிள்ல ஓடுற மென்பொருள், இதுல ஒண்ணு இருந்தாலும் நீ தான் ராத்திரி உக்காரணும். "செலவே இல்ல"ன்னு சொல்றவங்க உன் ராத்திரியைக் கணக்குல சேக்குறதில்ல.

#13 தணிக்கைக்காரி

தொழில்நுட்பம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். "ஓடிக்கிட்டு தானே இருக்கு" என்பதற்கு மட்டும் நான் பதில் தருகிறேன், அதைத் தினமும் கேட்கிறேன்.

ஹேக்கர், ரான்சம்வேர் என்று பயமுறுத்தாதீர்கள். மேலிடம் அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கிறது. அருகில் இருப்பதைக் காட்டுங்கள். விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2023-இல் குரோம் 109 தான் அதில் ஓடிய கடைசிப் பதிப்பாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு தளமாக "உங்கள் பிரவுசர் பழையது" என்று கதவைச் சாத்தத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் சம்பளம் போடும் பக்கம் திறக்கவில்லை என்றால், அன்றைக்கு அவசரமாகக் கணினி வாங்குவோமா, இப்போது நிதானமாக வாங்குவோமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மாற்ற முடியாத கணினிகளுக்கு விதிவிலக்குப் பதிவேடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும்: எந்தக் கணினி, ஏன் மாற்ற முடியவில்லை, அதுவரை என்ன பாதுகாப்பு, எந்தத் தேதிக்குள் முடியும், யார் பொறுப்பு. கையெழுத்து போடுபவர் நீங்களாக இருக்கக் கூடாது. அந்தக் கருவியால் யாருக்குப் பயனோ, அந்தப் பிரிவின் தலைவர் போட வேண்டும். கையெழுத்து கேட்ட அன்றே பல கணினிகள் "அப்படி ஒன்றும் அவசியமில்லை, மாற்றிவிடலாம்" ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் 23 மாதக்கடைசிக் கணினிகளுக்கும் இதே காகிதத்தை நீட்டிப் பாருங்கள்.

தேதி எழுதும் இடத்தில் "விரைவில்" என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள்.

#14 பழஞ்சர்வர்

சர்வர் பக்கம் யாரும் வரல, நானே வர்றேன்.

2012 ஆர்2: ஆதரவு 2023 அக்டோபர் 10-ல முடிஞ்சது. ஈஎஸ்யு வாங்கியிருந்தாலும் 2026 அக்டோபர் 13 தான் கடைசி, அதுக்கு மேல காசு கொடுத்தாலும் கிடையாது. நேரா சர்வர் 2025-க்கே ஏத்தலாம், நாலு பதிப்பைத் தாண்ட இப்ப அனுமதிக்குது. ஆனா நான் ஏத்த மாட்டேன். பத்து வருஷக் குப்பையையும் சேத்துத் தூக்கிட்டுப் போற வேலை அது. புதுசா ஒண்ணு நிறுவி, மென்பொருளையும் தரவையும் மாத்து, பழையதை அணைச்சு வை.

மாத்துறதுக்கு முன்னாடி அதுக்குள்ள எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ்) எந்தப் பதிப்புன்னு பாரு. 2014 பதிப்புக்கு 2024 ஜூலைலயே முடிஞ்சது, 2016-க்கு வர்ற 2026 ஜூலை 14. ஓஎஸ்ஸை மட்டும் புதுசாக்கி, செத்த டேட்டாபேஸை அதுல ஏத்தி வெச்சவங்க நிறைய பேர்.

சென்ட்ஓஎஸ் 7 ரெண்டும்: 2024 ஜூன் 30-ல முடிஞ்சது. இப்ப அதுல யம் (மென்பொருள் தொகுப்பை இறக்குற கட்டளை) ஓட்டினா மிரர் கிடைக்கலன்னு பிழை தான் வரும், தொகுப்பெல்லாம் பழைய காப்பகத்துக்குப் போயாச்சு. அல்மா, ராக்கின்னு சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றா வந்த லினக்ஸுக்கு படிப்படியா ஏத்துற வழி இருக்கு, 7-ல இருந்து 8, அப்புறம் 9. என்ன ஓடுதுன்னே தெரியாத பெட்டில அதை முயற்சி பண்ணாத. முதல்ல கேட்டுப் பாரு: எந்த போர்ட்ல யார் வந்து பேசுறாங்க, கிரான்ல (நேரம் குறிச்சு தானா ஓடுற வேலைப் பட்டியல்) என்ன இருக்கு, எந்த ஃபோல்டர்ல புதுக் கோப்பு விழுது. ஒரு வாரம் குறிச்சு வை. அப்புறம் நெட்வொர்க்கை மட்டும் துண்டிச்சுட்டு யார் கத்துறாங்கன்னு காத்திரு. அழிச்சிடாத, அணைக்கக்கூட வேண்டாம்.

எத்தனை நாள் காத்திருக்கணும்னு கேப்ப. நான் மூணு வாரம் காத்திருந்து ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டேன். காலாண்டு முடிவுல ஒரு அறிக்கை வரல. அந்தப் பெட்டில மூணு மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் எழுந்து ஓடுற ஸ்கிரிப்ட் ஒண்ணு இருந்திருக்கு. டிஸ்க் இன்னும் இழுப்பறைல கிடந்ததால தப்பிச்சேன். குறைஞ்சது ஒரு காலாண்டு.

இன்னொண்ணு. "ஆதரவு 2029 வரை"ன்னு எழுதியிருக்குன்னு அசந்துடாத. சென்ட்ஓஎஸ் 8-க்கு அப்படித் தான் இருந்துச்சு. 2020 டிசம்பர்ல ஒரு அறிவிப்பு போட்டு 2021 டிசம்பர் 31-ன்னு சுருக்கிட்டாங்க. 7-ஐ விட்டுட்டு 8-க்கு ஓடினவங்க தான் முதல்ல நடுத்தெருவுல நின்னாங்க, நானும் ஒருத்தன்.

#15 கேபிள்குருவி

ரெண்டு வாரம் ஆச்சு. முதல் கட்டமா எட்டு கணினியை 24எச்2-க்கு ஏத்தினேன், ஒரு பிரிவுக்கு ஒண்ணுங்கற கணக்குல. ஏறினது சுத்தமா ஏறிடுச்சு. அப்புறம் தான் ஆரம்பிச்சுது.

ஒண்ணு: பெரிய ஸ்கேனர்ல இருந்து நேரா கணினி ஃபோல்டருக்கு வர்ற ஸ்கேன் நின்னுடுச்சு. திரையில வெறும் "அனுப்ப இயலவில்லை". பாஸ்வேர்ட் மாத்திப் பாத்தேன், ஃபயர்வாலை அணைச்சுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல.

ரெண்டு: எண்டர்பிரைஸ் பதிப்பு போட்ட மடிக்கணினிங்க வைஃபைல தானா சேரல, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேக்குது.

10-க்கே திரும்பிடலாமான்னு விற்பனைப் பிரிவு நச்சரிக்குது.

#16 பேட்ச்செவ்வாய்

இரண்டும் பழுது இல்லை, வேண்டுமென்றே மாற்றப்பட்டவை.

ஸ்கேனர்: 24எச்2-இல் எஸ்எம்பி சைனிங் (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும்போது டிஜிட்டல் கையெழுத்து) இயல்பாகவே கட்டாயம். உங்கள் ஸ்கேனரின் ஃபர்ம்வேருக்குக் கையெழுத்திட்டு அனுப்பத் தெரியவில்லை, கணினி வாங்க மறுக்கிறது. சைனிங்கை அணைத்தால் உடனே வேலை செய்யும். இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு கணினியாக அணைத்துக்கொண்டு போனால், மேம்படுத்தியதில் பாதியைக் கையாலேயே கழற்றுகிறீர்கள். முதலில் ஸ்கேனருக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் செய்யும்படி மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரே ஒரு சர்வரில் ஸ்கேனுக்கென்று தனிக் கணக்கு, தனி ஃபோல்டர், அந்த ஸ்கேனரின் முகவரியில் இருந்து மட்டும் அனுமதி. தளர்த்துவது ஓரிடத்தில் இருக்கட்டும், அதையும் தணிக்கைக்காரி சொன்ன பதிவேட்டில் எழுதுங்கள்.

வைஃபை: எண்டர்பிரைஸில் கிரெடென்ஷியல் கார்ட் (பாஸ்வேர்டுகளைத் தனியே பூட்டி வைக்கும் பாதுகாப்பு) தானாகவே இயங்கத் தொடங்கிவிடும், 11-இன் 22எச்2-இல் இருந்து அப்படித்தான். நீங்கள் வைஃபைக்கு எம்எஸ்சாப் முறையில் விண்டோஸ் பாஸ்வேர்டையே பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தப் பாஸ்வேர்டை எடுத்துக்கொடுக்க அது விடாது. சான்றிதழ் வழியான உள்நுழைவுக்கு, அதாவது ஈஏபி-டிஎல்எஸ்ஸுக்கு மாறுவதுதான் நிரந்தர வழி. இதற்கு ஒரு வாரமாவது ஆகும், அடுத்த கட்டத்தை அதற்குப் பின் வையுங்கள்.

திரும்பும் வாய்ப்பு இயல்பாகப் பத்து நாள்தான். மேம்படுத்தியவுடனே டிஸ்ம் கட்டளையால் அதை அறுபது நாள் வரை நீட்டிக்கலாம். பத்து நாள் தாண்டிய பிறகு நினைவு வந்தால் பயனில்லை. டிஸ்கைத் துப்புரவு செய்யும் கருவிகள் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டாலும் அதே கதைதான்.

#17 கேபிள்குருவி

ஊகம் சரி, எம்எஸ்சாப் தான். ஸ்கேனருக்கு ஃபர்ம்வேர் இருந்துச்சு! நாலு வருஷமா யாரும் ஏத்தல. ஏத்தினேன், ஓடுது.

ஈஎஸ்யு பத்தி இப்ப திரும்பக் கேக்குறேன். 13 பழைய பிராசஸர்ல 8-ஐ மாத்த ஒப்புதல் வாங்கிட்டேன் (குரோம் 109 கதை வேலை செஞ்சுது, நன்றி தணிக்கைக்காரி அக்கா). 4 மட்டும் ஒரு மென்பொருளுக்காக இன்னும் ஒரு வருஷம் நிக்கணும். ஒண்ணு கருவிக் கணினி, அது சாதாரண 10, 32-பிட், எல்டிஎஸ்சி இல்ல. கருவியே 2027-ல மாறுது, அது வரைக்கும் தனிமைல வெச்சு ஓட்டப் போறோம். இந்த நாலுக்கும் முதல் வருஷத்தை விட்டுட்டு, பிரச்சனை வந்தா ரெண்டாம் வருஷம் வாங்கிக்கலாம்னு நிதிப் பிரிவு சொல்லுது.

#18 பேட்ச்செவ்வாய்

அதில் மிச்சம் ஒன்றும் இல்லை. நிறுவனங்களுக்கான ஈஎஸ்யு விலை ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பாகும், மூன்று வருடம்தான். இரண்டாம் வருடம் சேர்ந்தால் முதல் வருடக் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். நடுவில் ஒரு வருடம் பேட்ச் இல்லாமல் இருந்தது மட்டும்தான் லாபம்.

நான்கும் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். பழைய பதிப்பில் நின்றால் ஈஎஸ்யு சாவியை ஏற்றினாலும் பேட்ச் வராது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2011-இல் வழங்கப்பட்ட செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனில் காலாவதியாகத் தொடங்குகின்றன. ஆதரவில் உள்ள கணினிகளுக்குப் புதுச் சான்றிதழ் அப்டேட் வழியாக வரும், சிலவற்றுக்கு ஃபர்ம்வேரும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வராதவை அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் பூட் பகுதிக்கான புதுப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடைக்காமல் போகும்.

#19 ஆய்வுக்கூடம்

காணாமப் போன அந்த அஞ்சு என்ன ஆச்சு? எனக்கு அது தான் தூக்கத்தைக் கெடுக்குது.

#20 கேபிள்குருவி

மூணு ஏற்கனவே கழிச்சுக் கட்டினது, பட்டியல்ல இருந்து எடுக்காம விட்டிருக்காங்க. ஒண்ணு ஒருத்தர் வேலையை விட்டுப் போனப்போ மேஜை இழுப்பறைல வெச்சுப் பூட்டிட்டுப் போன மடிக்கணினி, பேட்டரி உப்பி மூடியே வளைஞ்சிருக்கு. அஞ்சாவது பிங் பண்ணினா பதில் சொல்லுது. எங்க இருக்குன்னு தான் தெரியல.

#21 பழஞ்சர்வர்

பிங் பண்ணு, உடனே ஏஆர்பி பட்டியல்ல அதோட மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) எடு. சுவிட்ச்ல போய் அந்த மேக் எந்த போர்ட்ல தெரியுதுன்னு பாரு. அந்த போர்ட்ல பல மேக் தெரிஞ்சா அது அடுத்த சுவிட்சுக்குப் போற வழி, அங்க போய் இதையே பண்ணு. கடைசில ஒரே மேக் தெரியுற போர்ட் வரும். அந்த கேபிளைக் கையால புடிச்சுக்கிட்டே நட.

#22 கேபிள்குருவி

நடந்தேன். மூணு சுவிட்ச் தாண்டி, கூட்ட அறை டிவிக்குப் பின்னாடி ஒரு மர அலமாரி. உள்ள ஒரு சின்னக் கணினி, வரவேற்பறை அறிவிப்புப் பலகையை அது தான் ஓட்டிக்கிட்டு இருக்கு. விண்டோஸ் 10, 1809 பதிப்பு. கை வெச்சா சுடுது.

சந்தோஷமா பட்டியல்ல டிக் அடிக்கப் போனேன். அதுக்குப் பக்கத்துலயே, அதே சின்ன ஹப்ல, இன்னொரு பெட்டி. இது எந்தப் பட்டியல்லயும் இல்ல. மானிட்டரை மாட்டிப் பாத்தேன்.

விண்டோஸ் 7.

#23 பழஞ்சர்வர்

கேபிளை மட்டும் கழட்டு. அணைக்காத. ஒரு காலாண்டு காத்திரு.